எனக்கு முன்னால் என் மெயிலைத் திறப்பவர்

1

மாகாண அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கோப்பைக் கணினியில் பார்த்துவிட்டு, "உங்களை வரச் சொல்லி மெயில் அனுப்பினோம். நீங்கள் வரவில்லை" என்றார்.

அப்படி ஒரு மெயில் எனக்கு வரவில்லை என்று சொன்னேன். என் இத்தாலிய மொழி சமையலறைக்கும் சந்தைக்கும் போதும். அலுவலகத்தில் பாதி வாக்கியத்திலேயே கால் தடுக்கும். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயரும் என் மெயில் முகவரியும் இருந்தன. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அழைத்த திகதி மட்டும் கடந்து போயிருந்தது.

"இன்னொரு அழைப்பு வரும். அதுவும் மெயிலில்தான் வரும். அதற்கும் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம். நீங்கள் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்" என்றார்.

முதலிலிருந்து என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்டெல்லா என் மனைவி. ஆலங்குடாவில் இருக்கிறாள். அவளை இங்கே எடுப்பதற்குத்தான் இந்த விண்ணப்பம். கலியாணச் சான்றிதழுக்கும் பொலிஸ் அறிக்கைக்கும் மொழிபெயர்ப்புக்கும் முத்திரைக்கும் என்று சிலாபத்துக்கும் கொழும்புக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்தவள் அவள்தான். நான் இங்கே கையெழுத்துப் போட்டதோடு சரி.

எங்கள் மகள் ஜெசி பள்ளிக்கூட வயதிலேயே என்னிடம் வந்துவிட்டாள். ஸ்டெல்லாவால் அப்போது வர முடியவில்லை. அவளுடைய அப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். பார்க்க வேறு ஆளில்லை. சென்ற வருடம் அவர் காலமானார். அதற்குப் பிறகுதான் நான் விண்ணப்பம் போட்டேன். கலியாணம் கட்டிய காலத்தில் பெரும்பங்கை நாங்கள் போனில் வாழ்ந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்பாள்: "என்ன, பதில் ஏதும் வந்ததா?" நான் சொல்வேன்: "ஒண்டும் வரல்ல."

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனைதான். அனுப்பியவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். முகவரியும் சரி. அப்படியென்றால் நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

2

நான் மெயில் பார்ப்பது ஒரு டெப்பில், அதாவது டேப்லட் கணினியில். வெரோனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், கதிரையில் இருந்து எழும்ப முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவரைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, மருந்து கொடுப்பது. அவருடைய மகள் புதிய டெப் வாங்கியபோது பழையதை என்னிடம் தந்தார். என் போனில் எழுத்துகள் எறும்பு மாதிரி இருக்கும், அதனால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இனாமாக வந்த பொருளைச் சந்தேகப்படாமல் நான் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

டெப்போடு ஒரு மெயில் செயலியும் வந்தது. முதலில் ஒழுங்காக இருந்தது. பிறகு அது பாஸ்வேர்ட் கேட்கத் தொடங்கியது. கொடுத்தால் உள்ளே விடும். அடுத்த நாள் மறுபடி கேட்கும். வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்பது போல.

பிறகு அது என் மெயில்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் 'முக்கியமானவை', மறு பக்கம் 'மற்றவை'. எது முக்கியம் என்று அதுவே முடிவு செய்தது. சப்பாத்துக் கடையின் விலைக்கழிவு முக்கியமானவையில் வந்தது. ஜெசியின் பள்ளிக்கூடத்துக் கடிதம் மற்றவையில் கிடந்தது. மெயில்களின் நடுவே மெயில் மாதிரியே உடுப்புப் போட்டு விளம்பரங்கள் வந்து உட்கார்ந்தன. தெரியாமல் அதைத் தொட்டால் வேறெங்கோ கூட்டிப் போகும். திரும்பி வரும் வழியைத் தேட வேண்டும்.

வேறு அறிவித்தல்களும் வந்தன. உங்கள் கணக்குக்குள் இன்னோர் இடத்தில் இருந்து நுழைந்திருக்கிறார்கள், அது நீங்கள்தானா என்று இத்தாலிய மொழியில் ஒரு பெட்டி அடிக்கடி எழும்பும். கீழே 'ஆம்' என்று ஒரு பொத்தான், 'இல்லை' என்று ஒரு பொத்தான். 'இல்லை'யைத் தொட்டால் இன்னும் பத்துக் கேள்வி வரும். அதுவும் விளம்பரம்தான் என்று நினைத்து, தொல்லை போகட்டும் என்று 'ஆம்' என்பதை அழுத்திவிடுவேன்.

அலுவலகத்தில் இருந்து வந்த அன்று டெப்பைத் தலைகீழாகத் தேடினேன். முக்கியமானவை, மற்றவை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் பார்த்தேன். மாகாண அலுவலகத்தின் பெயரில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தேடும் பெட்டியில் தட்டினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் செயலி தன் வாயாலேயே சொன்னது: இந்தப் பழைய சாதனத்தில் நான் இனி வேலை செய்யமாட்டேன்.

எனக்குக் கோபத்தைவிடச் சந்தேகம்தான் வந்தது. இத்தனை நாள் இது வேலை செய்ததா, இல்லை செய்வது போல நடித்ததா?

3

அடுத்ததாக நீலநிற உறை படம் போட்ட ஒரு செயலியை இறக்கினேன். அது உள்ளே வருவதற்கு முன்பே அனுமதி கேட்டது. உங்கள் போன் எண்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா? கடிதம் கொண்டு வருகிறவனுக்கு என் அலுமாரியைத் திறந்து பார்க்க என்ன அவசியம்?

எங்கள் ஊர்க் கரையில், மாம்புரிப் பக்கம் கரைவலை இழுத்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். வலை கரைக்கு வரும் நேரம் வழியில் போகிறவனும் வந்து கயிற்றில் கை வைப்பான். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். மீன் கொட்டியதும் அவன் கறிக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவான். அது வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அவன் எடுப்பது எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. இலவசச் செயலியும் அப்படிக் கை கொடுக்க வந்த ஆள்தான். ஆனால் அது எதை அள்ளிக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அனுமதி கொடுக்கமாட்டேன் என்றேன். அப்படியென்றால் மெயில் இல்லை என்றது. அழித்துவிட்டேன்.

மூன்றாவது செயலி மிகவும் மரியாதையாக இருந்தது. விளம்பரம் இல்லை, அனுமதி கேட்கவில்லை. ஒரு கிழமை கழித்து, இனிமேல் மாதச் சந்தா என்றது. நாலாவது செயலியில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. ஆனால் மெயில் எப்போது வரும் என்று அதற்கு மனது வர வேண்டும். மாலையில் திறந்தால் காலையில் வந்தது அப்போதுதான் மெல்ல இறங்கும்.

என்னைச் சந்தேகக்காரன் என்று ஜெசி சொல்வாள். இருக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் வேலை செய்தேன், படகில் போனேன், பிறகு கட்டார், பிறகு சைப்பிரஸ், பிறகு இங்கே. கட்டாரில் என் பாஸ்போட் முதலாளியின் மேசைக்குள் பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். தகரக் கொட்டிலில் மேலும் கீழுமாக அடுக்கிய கட்டில்களில் படுத்தோம், கொதிநீர்தான் குழாயில் வரும், அதெல்லாம் பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான். என் பெயர் போட்ட பொருள் வேறு ஒருவன் கையில் இருப்பது. அதில் இருந்து, உங்கள் நன்மைக்குத்தான் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆனால் அந்த நாட்களில் நான் தொட்டுப் பார்த்தது மெயில் பெட்டியை. காலையில் பெரியவருக்குப் பாண் துண்டைப் பாலில் தோய்த்துக் கொடுக்கும்போது ஒரு தடவை, அவர் மத்தியானம் கண்ணயரும்போது ஒரு தடவை. இரண்டாவது அழைப்பு எந்த நிமிஷமும் வரலாம். அது வந்து, எனக்கு முதலே யாராவது அதை எடுத்துவிட்டால் கோப்பு மூடப்படும்.

4

செயலியே வேண்டாம், இணையத்தில் நேராகப் போய்ப் பார்க்கலாம் என்று சந்தையில் ஓர் ஊர்க்காரர் சொன்னார். டெப்பில் அப்படித் திறந்தபோது பக்கமே வேறு மாதிரி இருந்தது. இடது பக்கத்தில் செயலிகள் எதுவும் காட்டாத ஒரு பட்டியல். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ITALY என்று ஒரு உறை, மெயில்களைப் பிரித்துப் போட்டு வைக்கும் இடம். நான் அப்படி ஒரு உறை செய்ததில்லை. எனக்குச் செய்யவும் தெரியாது.

தொட்டேன். மாகாண அலுவலகத்தின் மெயில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. விண்ணப்பம் கிடைத்தது என்ற மெயில், இன்ன பத்திரம் குறைகிறது என்ற மெயில், நான் தவறவிட்ட அழைப்பு. எல்லாம் திறந்து வாசித்த மெயில்கள். வாசிக்காததைக் கறுப்பாகக் காட்டும். இங்கே ஒன்றுகூடக் கறுப்பில்லை.

டெப்பில் என் மெயிலைப் போட்டுத் தந்தவள் ஜெசி. என் பாஸ்வேர்ட் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. தாதிப் படிப்புப் படிக்கிறாள். என்னோடு தமிழில் தொடங்கி இத்தாலிய மொழியில் முடிப்பாள். சிநேகிதிகள் என்று சொல்லிவிட்டு வெளியே போவாள், யார் என்று கேட்டால் பெயர் சொல்லமாட்டாள். ஸ்டெல்லா வந்தால் இந்தப் போக்குவரத்தெல்லாம் நின்றுபோகும். தாய் வருவதை இவள் விரும்பவில்லையோ என்று என் புத்தி போனது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று அது எனக்குக் கணக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது.

அவள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன்.

"மகள், என்ட மெயில்ல நீ கை வைக்கிறியா?"

"என்னது?"

"இத்தாலி எண்டு ஒரு உறை. ஆர் செஞ்சது? கந்தோர்ல இருந்து வாறதெல்லாம் அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கு."

அவள் ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அப்பா, என்ட மெயிலையே நான் பாக்கிறதில்ல. உங்கட மெயில்ல என்ன இருக்கு, சப்பாத்துக் கடை விளம்பரம்."

"அம்மா வாறது உனக்கு விருப்பமில்லையோ?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் மாறியது. இத்தாலிய மொழியில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, விளங்கிய பாதி போதுமாக இருந்தது. பிறகு தமிழுக்கு வந்தாள்.

"அம்மாவும் இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் என்னைக் கேள்வி கேக்கிறா. நீங்களும் கேக்கிறீங்க. ரெண்டு பேரும் பொலிஸ். நான் நடுவில."

"அம்மா என்ன கேக்கிறா?"

"அத அம்மாட்டக் கேளுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து டெப்பைப் பிடுங்கினாள். எங்கெங்கோ தட்டினாள். பிறகு திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். என் மெயில் எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் அது. ஒன்று இந்த டெப். மற்றது ஒரு கணினி. இடம்: இலங்கை. இன்று திறக்கப்பட்டது.

"இப்ப சொல்லுங்க. நான் இலங்கைக்குப் போய் வந்தேனா?"

5

கணினியின் கீழே காப்பு எண் என்று ஒரு போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. என் நம்பர் இல்லை. ஆனால் எங்கோ பார்த்த இலக்கங்கள். கொஞ்சம் யோசித்த பிறகு ஒரு கடையின் பெயர்ப்பலகை கண் முன்னால் வந்தது.

கட்டாருக்குப் போவதற்கு முன் ஏஜென்ட் மெயில் முகவரி கேட்டான். எங்கள் யாருக்கும் அது என்ன என்று தெரியாது. எங்கள் ஊருக்குக் கிட்ட, கற்பிட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நஸீர் என்ற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நஸீர் நானா, ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோ பிரதி, போன் கார்ட், படம் எடுப்பது எல்லாம் அங்கேதான். அவர்தான் எனக்கு மெயில் திறந்தார். பாஸ்வேர்ட்டையும் அவரே வைத்தார். "நீங்க மறந்துருவீங்க மகன், எல்லாருக்கும் ஒண்டையே வெச்சீக்கு, என்ட போன் நம்பரையும் போட்டீக்கு" என்றார். கடலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், முஸ்லிம் ஆட்கள், எங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள் என்று அந்தக் கரையில் பாதிப் பேருக்கு அவர்தான் மெயில் திறந்திருப்பார். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொருவருடைய பெட்டியாகத் திறந்து பார்ப்பார். வேலைக் கடிதம் வந்திருந்தால் வீட்டுக்காரிக்கு அறிவிப்பார், அச்செடுத்து வைப்பார். எனக்குச் சைப்பிரஸ் வேலை வந்தது அப்படித்தான். நானா மெயிலைப் பார்த்து, ஸ்டெல்லாவுக்குச் சொல்லி, ஸ்டெல்லா கட்டாருக்குப் போன் அடித்துச் சொன்னாள்.

அதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்திருந்தேன். மெயில் என்னோடு நாடு நாடாக வருகிறது என்று நினைத்தேன். அது கற்பிட்டியை விட்டு அசையவேயில்லை.

அடுத்த நாள் மத்தியானம், பெரியவர் கண்ணயர்ந்ததும் நானாவுக்கு அடித்தேன்.

"அட, அந்தோனியா! சொகமா ஈக்கிறீங்களா மகன்?"

"சுகம் நானா. நானா, என்ட மெயில நீங்க பாக்கிறீங்களா?"

"பாக்காம? காலையிலயும் பாக்கிறன், அசர் தொழுகைக்குப் பொறகும் பாக்கிறன். ஒருநாள் விட்டது இல்ல." குரலில் பெருமை இருந்தது.

"நான் இப்ப சொந்தமாப் பாக்கிறன் நானா. டெப்ல."

நானா வெடித்தார். "அப்ப நீங்கதானா அது! எனக்கு முந்தி யாரோ தெறந்து தெறந்து பாக்கிறான். ஹெக் பண்ணிட்டானுகள் எண்டு நான் பயந்து கெடக்கிறன். ரெண்டு தரம் கம்பியூட்டரையே கழுவின மாதிரித் துடைச்சன். நீங்க பாக்கிறதெண்டா எனக்கிட்டச் சொல்ல வாணாமா?"

நான் அவரைச் சந்தேகப்படத்தான் அடித்தேன். அவர் என்னைத் திருடனாக்கிவிட்டார்.

"அந்த இத்தாலி உறை நீங்க செஞ்சதா?"

"ஓம். அந்த விளம்பரக் குப்பைக்குள்ள கெடந்தா தவறிப் போயிரும். கவர்மென்ட் மெயில் பாருங்க. அதால தனியா எடுத்து வெச்சன். இண்டைக்குக் காலையிலயும் ஒண்டு வந்து கெடந்திச்சு, எடுத்து வெச்சிட்டன்."

டெப்பில் தேடினேன். இருந்தது. இரண்டாவது அழைப்பு. திகதி இன்னும் வரவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"நானா, முதல் ஒண்டு வந்ததே. அத என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிற, பிரிண்ட் எடுத்து ஸ்டெல்லா தங்கச்சிட்டக் குடுத்தன். வழக்கமா செய்யிறதுதானே. ஏன், அவ சொல்லல்லியா?"

6

ஸ்டெல்லா ஆலங்குடாவில் காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமைக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான் போனை எடுப்பாள். குசினிக்குப் பின்னால் நின்று கதைத்தாள் போலும், போனுக்குள் காற்று இரைந்தது.

"ஸ்டெல்லா, நானா தந்த கடுதாசி உன்னட்ட இருக்கா?"

"இருக்கு."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எனக்கு வரல்ல."

"கற்பிட்டிக்கு வந்திருக்கு, இத்தாலிக்காரருக்கு வரல்லயா? நல்ல கதை."

நான் டெப், செயலி, உறை என்று தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கேட்டன், என்ன, பதில் வந்ததா எண்டு. ஒண்டும் வரல்ல எண்டு சொன்னீங்க. கடுதாசிய மடியில வெச்சுக்கொண்டுதான் கேட்டன். ஒருக்காவாவது உண்மை சொல்லுவீங்களோ எண்டு பாத்தன்."

"அதுல என்ன எழுதியிருக்கு எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இங்க உங்கட நாட்டுப் பெட்டை ஒண்டு வந்து தங்கினா. அவட்டக் காட்டினன். வாசிச்சுப்போட்டு என்னைக் கட்டிப் பிடிச்சா. உன்ட புருஷனை இன்ன திகதிக்குக் கூப்பிட்டிருக்கு, நீ எங்கட நாட்டுக்கு வரப்போறாய் எண்டா. குசினியில எல்லாருக்கும் தெரியும். பொடியன்மார் கேக் வாங்கி வெட்டினாங்க. அந்தத் திகதி வந்து போச்சு. நீங்க போகல்ல. குசினியில எல்லாருக்கும் அதுவும் தெரியும்."

அலுவலகப் பெண் கோப்பை மூடிவிடுவோம் என்று சொன்னபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. கோப்பு மூடினால் இன்னொன்று திறக்கலாம். இவள் தன் பக்கத்தில் என்னை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அங்க ஆரும் இருக்கிறாளோ எண்டு ஜெசிட்டக் கேட்டன்" என்றாள்.

"ஜெசி என்ன சொன்னா?"

"அப்பாவுக்கு டெப்போட சண்டை பிடிக்கவே நேரம் இல்ல எண்டா. அவளும் உங்கட பக்கம் எண்டு நினைச்சன்."

அன்று மாலை நான் ஜெசியின் அறைக் கதவைத் தட்டினேன். நேற்று நான் கேட்டது பிழை என்று சொல்லி, நானாவின் கதையையும் நான் 'ஆம்' அழுத்திய கதையையும் சொன்னேன். அவள் உடனே சமாதானமாகவில்லை, ஆனால் போனை வாங்கினாள். தாய்க்கு அடித்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, கேளுங்க. அப்பா பொய் சொல்லல்ல. அப்பாவுக்கு மெயில் பாக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

"உண்மையாவா?"

"சத்தியமா அம்மா. டெப் அவரிட்ட ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கு, வேற ஆரோ உள்ள வந்திருக்கு, அது நீங்களா எண்டு. இவர் ஓம் ஓம் எண்டு அமத்தியிருக்கிறார்."

போனில் ஸ்டெல்லா சிரிக்கும் சத்தம். நிறைய நாளைக்குப் பிறகு கேட்டேன். என் மரியாதை போன வழியில் அது வந்தது, பரவாயில்லை.

"ரெண்டாவது கடுதாசி வந்திருக்கு. அதுக்கு நான் போறன்" என்றேன்.

"போங்க" என்றாள். "ஆனா நான் வாறதா எண்டு இன்னும் சொல்லல்ல. இவ்வளவு காலமும் பத்திரம் அனுப்பு, படம் அனுப்பு எண்டு சொன்னீங்களே தவிர, வா எண்டு நீங்க ஒருக்காவும் கேக்கல்ல."

ஜெசி என்னைப் பார்த்தாள். அவள் முன்னாலேயே கேட்டேன். "வாறியா ஸ்டெல்லா?"

"யோசிச்சுச் சொல்றன்."

7

பாஸ்வேர்ட்டை மாற்றுவது லேசாக இருக்கவில்லை. மாற்ற வேண்டுமென்றால் ஒரு குறியீட்டு எண் நானாவின் போனுக்குத்தான் போகும். நானாவுக்கு அடித்து எண்ணைக் கேட்டேன். அவர் உடனே தரவில்லை.

"நீங்க உண்மையான அந்தோனிதானா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப குரலையே செய்யிறானுகளாம். கட்டாருக்குப் போன அண்டைக்கு என்ட கடையில என்னத்த விட்டுட்டுப் போனீங்க?"

"செருப்ப. புதுச் சப்பாத்தப் போட்டுக்கொண்டு பழைய செருப்ப வாசல்ல விட்டன்."

"ஆ, நீங்கதான். எழுதிக்கொள்ளுங்க."

என் மெயிலைப் பற்றி இத்தனை காலத்தில் யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். எந்தச் செயலியும் அப்படிக் கேட்டதில்லை. பாஸ்வேர்ட் மாறியதும் நானாவின் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. "அப்ப இனி உங்கடதப் பாக்க வாணாம்" என்றார். வேண்டாம் நானா என்றேன். அதைச் சொல்வதும் லேசாக இருக்கவில்லை.

இப்போது டெப்பில் மெயில் செயலி ஒன்றும் இல்லை. இணையப் பக்கத்துக்கு நேராகப் போகும் ஒரு படத்தை ஜெசி திரையில் வைத்துத் தந்திருக்கிறாள். மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் எதையும் ஒளிப்பதில்லை. இதை வாசிக்கும் நம் கரையோரத்து ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளையோ புருஷனோ வெளிநாட்டில் இருந்தால், அவருடைய மெயிலுக்குக் காப்பாக யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருடையது என்றால் அவரோடு கோபிக்க வேண்டாம். ஆனால் கேட்டுப் பாருங்கள்.

அழைத்த திகதிக்கு அலுவலகத்துக்குப் போனேன், பத்திரங்களைக் கொடுத்தேன். கோப்பு திறந்திருக்கிறது. மிச்சம் ஸ்டெல்லாவின் பதில். அடுத்த ஞாயிறு நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளே தொடங்கினாள்.

"நான் வாறன். ஆனா ஒரு கதை."

"சொல்லு."

"இங்க விடுதியில பாத்திரம் கழுவுற பிள்ளைக்குக்கூட சொந்த மெயில் இருக்கு. அங்க வந்ததும் எனக்கும் ஒண்டு திறந்து தரோணும். ஜெசி திறந்து தந்தாச் சரி. பாஸ்வேர்ட் நான்தான் வைப்பன். உங்களுக்குச் சொல்லமாட்டன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் போனை வைத்த பிறகு பெரியவருக்கு சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே யோசித்தேன். இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புருஷனும் மகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது, இவளுக்கு யார் மெயில் போடப் போகிறார்கள்?